இரத்தத்தைக் கேட்பவன் யார்?

சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பஞ்சாலையில் ஷிப்டு பார்க்கிற தோழருக்கும் இது தெரியும். நாற்று நடப் போகிற சகோதரிக்கும் இது தெரியும். விடியுமுன் பஸ் ஏறி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு மற்றொரு வரிசையில் நின்று வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உடம்பில் வலி இருக்கும்போதே நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நாம். வலியே இல்லாத ஒரு நோய்க்காக, இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவர ஒரு நாள் கூலியை விடுவோமா? விட மாட்டோம். இதை ஜனங்களின் அறியாமை என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். உலை வைக்கிறவர்களுக்கு இது வயிற்றுக் கணக்கு என்பது தெரியும்.

எச்.ஐ.வி. என்னும் கிருமி தரும் நோய் அப்படிப்பட்டது. கிருமி உடம்பில் புகுந்தபின் பல வருஷங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் வேலைக்குப் போவான், சிரிப்பான், சண்டை போடுவான், குடும்பம் நடத்துவான். உள்ளே எதிர்ப்புச் சக்தியைக் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கும். கடைசியில் காசநோய் வந்து, வயிற்றுப்போக்கு வந்து, எலும்பும் தோலுமாய்ப் படுக்கையில் விழும்போது அதற்கு எய்ட்ஸ் என்று பெயர். முன்காலத்தில் அதோடு கதை முடிந்தது. இன்று அப்படியில்லை. தினம் ஒரு மாத்திரை, விடாமல் சாப்பிட்டால், இரத்தப் பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடும். அப்படி அடங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் அது மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. அவர் உழைக்கலாம், பிள்ளை பெறலாம், பேரப் பிள்ளையைப் பார்க்கலாம்.

எல்லாம் முதலில் ஒன்றைப் பொறுத்திருக்கிறது: இருக்கிறதென்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால், பரிசோதனையை வீட்டுக்கே கொண்டுபோனால் என்ன? ஆப்பிரிக்கக் கண்டத்தில் இந்நோயால் மிகவும் அடிபட்ட நாடுகள் இருபது வருஷங்களாக இதைச் செய்து பார்த்திருக்கின்றன. உகாண்டாவில், கென்யாவில், ஜாம்பியாவில் ஊழியர்கள் வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது லெசோத்தோ என்னும் சின்னஞ்சிறு நாட்டின் அனுபவத்தை. சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நிறைந்த நாடு அது. அங்கே நடந்தது நமக்குப் புரியும்.

தமிழ்நாட்டின் பரப்பில் கால் பங்குகூட இல்லாத மலைநாடு லெசோத்தோ. ஜனத்தொகை சுமார் 23 லட்சம். நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா. 1966 வரை வெள்ளைக்காரன் ஆண்டான். அவன் குடிசைக்கு வரி போட்டான். வரியைக் காசாகக் கட்ட வேண்டும். காசு மலையில் விளையாது. ஆகவே ஆண்பிள்ளைகள் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். மலைக்காட்டுக் கங்காணி காலத்தில் நம் ஜனங்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குக் குடும்பமாய்க் கொண்டுபோனார்கள். தங்கச் சுரங்கத்துக்கு ஆண்களை மட்டும் கொண்டுபோனார்கள். மனைவி மக்களைக் கூட்டிவரக் கூடாது. ஓர் அறையில் பல பேர் என்று அடைத்த ஆண்கள் கொட்டடியில் மாதக்கணக்கில் இருந்து, எப்போதோ ஒருமுறை ஊருக்கு வர வேண்டும். 1980களின் இறுதியில் அப்படிப் போயிருந்த லெசோத்தோ தொழிலாளர் லட்சத்துக்கு மேல். கொட்டடி வாசலில் சாராயக்கடையும், பசிக்கு உடம்பை விற்கிற பெண்களும். கிருமி பரவுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யார் செய்துவிட முடியும்? ஒழுக்கம் கெட்டவனுக்கு வருகிற வியாதி என்று நம் ஊரில் பேசுகிறவர்கள், அந்தக் கொட்டடியைக் கட்டியவனுடைய ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்தச் சுரங்க முதலாளிகளும் இரத்தத்தைச் சோதித்தார்கள். எதற்காக? 1980களின் பிற்பகுதியில் மலாவி நாட்டிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களைச் சோதித்து, கிருமியைக் கொண்டுவருகிறவர்கள் என்று முத்திரை குத்தினார்கள். வைத்தியம் செய்யவில்லை. ஆயிரக்கணக்கில் அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1990களின் தொடக்கத்துக்குள் மலாவியிலிருந்து ஆள் எடுப்பதே நின்றது. இரத்தம் கொடுத்தவனுக்கு வேலை போயிற்று. இரத்தம் எடுத்தவனுக்குத் தங்கம் குறையவில்லை. இதைக் கண்ணால் பார்த்த ஒரு தலைமுறை, விரலை நீட்டு என்று யார் சொன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதில் என்ன வியப்பு?

இதனால்தான் தொழிற்சங்கங்கள் இந்த விஷயத்தில் முதலில் சட்டம் கேட்டன. ஒரு தொழிலாளியைத் தொழில் கோர்ட்டின் அனுமதியின்றி எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று தென்னாப்பிரிக்காவில் 1998-ல் சட்டம் வந்தது. லெசோத்தோவிலும் 2006-ல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, வேலைக்குக் கட்டாயச் சோதனை கூடாது என்று எழுதினார்கள்.

இனி வீட்டுச் சோதனைக்கு வருவோம்.

லெசோத்தோவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்குக் கிருமி இருந்தது. நான்கில் ஒருவர் என்றால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சாவு. 2004-ல் அந்நாட்டுப் பிரதமர் எல்லோரும் பார்க்கத் தாமே சோதனை செய்துகொண்டார். 2005 டிசம்பர் 1-ம் தேதி, "உன் நிலையை அறிந்துகொள்" என்ற பெயரில் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும் 2007 முடிவதற்குள் போய், சோதித்துக்கொள்ள விருப்பமா என்று கேட்க வேண்டும் என்பது திட்டம். அதுவும் கிராமத்து ஆட்களையே பயிற்றுவித்து, வீடு வீடாக அனுப்ப வேண்டும்.

திட்டம் நல்லதுதான். நடந்தது என்ன? குறித்த இலக்கில் மிகச் சிறு பகுதியைத்தான் எட்டினார்கள். 2008-ல் மனித உரிமை அமைப்புகள் அங்கே போய் விசாரித்து எழுதின. அனுப்பப்பட்ட ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியில்லை, மேற்பார்வையில்லை, கிருமி இருக்கிறது என்று சொன்னபின் அந்த மனிதர் மருந்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்க ஆளில்லை என்பவை அந்த அறிக்கையின் முக்கியக் குறைகள். மலையேறி வந்து, விரலில் குத்தி, "உனக்கு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மலையிறங்கிப் போனால், அந்த மனிதர் அந்த இரவை எப்படிக் கழிப்பார்? அப்படிப்பட்ட சோதனையை நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பது மேல் என்று அந்தக் குடிசையிலிருந்தவர் சொன்னால் நாம் அவரோடு வாதிட மாட்டோம்.

வீட்டுச் சோதனை என்றால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊழியர் முதலில் ஊர்த்தலைவரிடமும் ஊர்க்கூட்டத்திலும் வந்த காரியத்தைச் சொல்கிறார். பிறகு ஒரு வீட்டையும் விடாமல் எல்லா வீட்டுக்கும் போகிறார். இந்த "எல்லா வீட்டுக்கும்" என்பது முக்கியம். ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் அடுத்த நிமிஷம் ஊர் பேசும். எல்லா வீட்டுக்கும் போனால் பேச ஒன்றுமில்லை. வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, நோய் என்ன, சோதனை என்ன, முடிவு எதுவானால் என்ன செய்யலாம் என்று விளக்குகிறார். வேண்டாம் என்றால் அதோடு விட வேண்டும். சரி என்றால் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். பதினைந்து இருபது நிமிஷத்தில் பட்டையில் கோடு தெரியும். ஒரு கோட்டைப் பார்த்து முடிவு சொல்லிவிடக் கூடாது. வேறு வகைச் சோதனை மறுபடியும் செய்து உறுதி செய்ய வேண்டும். கிருமி புகுந்த முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமலும் போகலாம். அதையும் சொல்ல வேண்டும். குத்துவது ஒரு கணம், பேசுவது ஒரு மணி. பேசத் தெரியாதவன் கையில் ஊசியைக் கொடுக்கக் கூடாது.

லெசோத்தோ மலைக்கிராமத்தில் வீடு என்பது பெரும்பாலும் கூரை வேய்ந்த ஒரே வட்ட அறை. மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லோருக்கும் அதுவே. நம் ஊர்க் குடிசையும் மில் லைன் வீடும் அதைவிடப் பெரிதா? தனியாகப் பேச இடமேது? மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பேச வேண்டும். ரகசியத்துக்கும் ஓர் அறை வேண்டும் என்பது பங்களாவில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்கு எளிதில் தோன்றாது.

பெண்களின் விஷயம் இன்னும் கடினமானது. ஊழியர் வரும்போது வீட்டில் இருப்பவள் பெண். ஆகவே முதலில் தெரிந்துகொள்பவளும் பெண். சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தவன் புருஷன். "நீதான் கொண்டுவந்தாய்" என்று அடிபடுகிறவள் மனைவி. எனவே முடிவைப் புருஷனிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். ஊழியரோ, மாமியாரோ, ஊர்த்தலைவரோ தீர்மானிக்கக் கூடாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவைக் கேட்கச் சம்மதித்தால் அது மிக நல்லது. பழி போடுகிற பேச்சுக்கு அங்கேயே ஒரு மூன்றாவது ஆள் இருந்து பதில் சொல்ல முடியும். ஆனால் சம்மதம் இருவருடையதாகவும் இருக்க வேண்டும். புருஷன் கையெழுத்து மனைவியின் இரத்தத்துக்குச் செல்லாது.

2005-ல் செய்த தவறிலிருந்து அந்நாடு கற்றுக்கொண்டது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2016-ல், சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தால் எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திராமல் எல்லோருக்கும் மருந்து என்று, ஆப்பிரிக்காவில் மற்ற நாடுகளுக்கு முன்னோடியாக லெசோத்தோ அறிவித்தது. அதே வருஷம் வடக்கேயுள்ள பூத்தா-பூத்தே ஜில்லாவில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். வீட்டுச் சோதனையில் கிருமி இருப்பதாகத் தெரிந்த 278 பேரை, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல் "ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். மறுபாதிக்கு அன்றைக்கே, அந்த வீட்டிலேயே, ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் ஆஸ்பத்திரித் தொடர்பில் வந்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 43 பேர். மருந்தை வீட்டில் வாங்கிய பாதியில் நூற்றுக்கு 69 பேர். ஒரு வருஷம் கழித்துக் கிருமி அடங்கியிருந்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 34. இரண்டாம் பாதியில் 50.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். சோதனையோடு மாத்திரையும் வந்தால் ஜனங்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நோயாளி அக்கறையில்லாதவன் என்ற பழி பொய். அதே சமயம், வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் பாதிப் பேருக்கு ஒரு வருஷத்தில் கிருமி அடங்கியதாகக் காட்ட முடியவில்லை. மாத்திரை தீர்ந்தபின் மறுபடியும் மலையிறங்கி நடக்க வேண்டியவர்கள்தானே அவர்கள்? வேலை தேடி எல்லை தாண்டிப் போகிறவர்கள்தானே? வறுமைக்கு மாத்திரை இல்லை.

வீட்டில் இல்லாத ஆண்களுக்கும் ஒரு வழி கண்டார்கள். ஊழியர் வருகிற பகல் வேளையில் ஆண்பிள்ளை வயலிலோ, மேய்ச்சலிலோ, வேலை தேடிப் பட்டணத்திலோ இருப்பான். 2018 முதல் அதே பகுதியின் நூற்றுச் சொச்சம் கிராமங்களில் ஒரு பாதியில், இல்லாதவர்களுக்காகச் சிறு சோதனைப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். ஊசி இல்லை. பஞ்சுக் குச்சி போன்ற ஒன்றால் ஈறைத் துடைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம். கிராமச் சுகாதார ஊழியர் பிறகு வந்து விசாரிப்பார். பெட்டி வைக்காத கிராமங்களில் நூற்றுக்கு 60 பேர்தான் நான்கு மாதத்துக்குள் ஏதாவதொரு வழியில் சோதித்துக்கொண்டார்கள். பெட்டி வைத்த கிராமங்களில் 81 பேர். யாரும் பார்க்காத நேரத்தில், கூலி இழக்காமல், தன் கையாலேயே பார்த்துக்கொள்ள முடியுமென்றால் ஆண்களும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்படியெல்லாம் செய்து, 2020-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், கிருமியுள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேருக்குத் தங்கள் நிலை தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் 97 பேர் மருந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 92 பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. பணக்கார நாடுகள் பலவும் வெட்கப்பட வேண்டிய கணக்கு இது. இதைச் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் சொற்பத் தொகைக்கு மலையேறிய கிராமத்துப் பெண்கள்.

மருந்து எப்படி வந்தது என்பது தனிக் கதை. அதில் நமக்கும் பங்குண்டு. 2000-ம் வருஷ வாக்கில் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சைக்கு ஆளொன்றுக்கு வருஷத்தில் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கினார்கள். மலிவு மருந்தை வரவழைக்கச் சட்டம் செய்த குற்றத்துக்காகத் தென்னாப்பிரிக்க சர்க்கார்மேல் 39 மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டிருந்தன. 2001-ல் இந்தியாவின் சிப்லா கம்பெனி, அதே கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. தொழிற்சங்கங்களும் நோயாளிகளின் இயக்கமும் தென்னாப்பிரிக்க வீதிகளில் திரண்டன. அதே வருஷம் ஏப்ரலில் 39 கம்பெனிகளும் வழக்கை வாபஸ் வாங்கின. சிப்லாவும் லாபத்துக்கு நடக்கிற கம்பெனிதான். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் பொருளின் பேரில் காப்புரிமை தராத 1970-ம் வருஷத்து இந்தியச் சட்டம் இருந்ததால் அந்த மருந்தை அது செய்ய முடிந்தது. 2005-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் அந்தச் சட்டம் மாற்றப்பட்டபோது, பழைய மருந்துக்குப் புதுச் சட்டை போட்டுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் பிரிவை இடதுசாரி எம்.பி.க்கள் வற்புறுத்திச் சேர்க்க வைத்தார்கள். இன்று வருஷத்துக்கு 50 டாலருக்கும் குறைவாக ஒருவருக்கு மருந்து கொடுக்க முடிகிறது. லெசோத்தோ மலைக்குடிசையில் அன்றைக்கே கையில் வைத்துக் கொடுக்கிற அளவுக்கு மாத்திரை மலிந்தது இந்தப் போராட்டங்களால்.

இத்தனை செய்தபின், 2025-ல் என்ன நடந்தது?

லெசோத்தோவின் எய்ட்ஸ் வேலைக்கு ஆன செலவில் பெரும் பகுதி அமெரிக்க சர்க்காரின் உதவிப் பணம். 2025 ஜனவரி 20-ம் தேதி பதவியேற்ற அன்றே டிரம்ப் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தார். உயிர்காக்கும் மருந்துக்கு விலக்கு என்று பிறகு அறிவிப்பு வந்தது. ஆனால் வீடு வீடாகப் போன ஊழியர்கள், ஆலோசனை சொன்னவர்கள், மருந்தை நிறுத்திவிட்டவர்களைத் தேடிப்போனவர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஜூலை 1-ம் தேதியோடு அமெரிக்க உதவி ஸ்தாபனத்தையே இழுத்து மூடினார்கள். மார்ச்சு மாதம் அமெரிக்கக் காங்கிரசில் பேசிய டிரம்ப், யாருமே கேள்விப்படாத நாடு லெசோத்தோ என்று ஏளனம் செய்தார். ஏப்ரலில் அந்த யாரும் கேள்விப்படாத நாட்டின் சரக்குக்கு 50 சதவிகித வரி அறிவித்தார். ஆகஸ்டில் அது 15 சதவிகிதமாயிற்று.

அந்தச் சரக்கு என்ன? அமெரிக்கர்கள் போடுகிற ஜீன்ஸ் கால்சட்டை. சுரங்கங்கள் ஆட்குறைப்புச் செய்தபின் லெசோத்தோவில் தனியார் தொழிலென்று மிஞ்சியது மசேரு நகரைச் சுற்றியுள்ள தையல் ஆலைகள். நல்ல காலத்தில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள்; பெரும்பாலோர் பெண்கள். திருப்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஆலையின் உட்புறத்தை விவரிக்கத் தேவையில்லை. அந்த ஆலைகள் சிலவற்றில் மேற்பார்வையாளர்கள் வேலை நிலைக்க வேண்டுமானால் படுக்கைக்கு வா என்று பெண்களைக் கட்டாயப்படுத்தியது 2019-ல் அம்பலமானது. நான்கில் ஒருவருக்குக் கிருமி உள்ள நாட்டில் அதன் பொருள் என்ன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் சேர்ந்து அதற்கு ஓர் ஒப்பந்தம் வாங்கின. இப்போது வரி பயத்தில் ஆர்டர் நின்று, அந்த ஆலைகளிலேயே ஆட்குறைப்பு. 2025 ஜூலையில், வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காரணம் காட்டி லெசோத்தோ சர்க்கார் தேசியப் பேரிடர் நிலையைப் பிரகடனம் செய்தது. ஒரே வருஷத்தில், ஒரே இடத்திலிருந்து, ஒரே ஜனங்களின் கூலியும் போயிற்று, அவர்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த ஊழியரும் போனார்.

அமெரிக்கப் பணத்தை அவர்கள் வாங்கியிருக்கவே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். சாகிற பிள்ளையைக் கையில் வைத்திருப்பவன் யார் கொடுத்த மருந்தென்று பார்க்க மாட்டான். நூறு வருஷம் அவர்களுடைய நுரையீரலை விற்றுத் தங்கம் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்த அற்பம் அது. ஆனால் ஒருவன் கையெழுத்தில் வந்தது ஒருவன் கையெழுத்தில் போகும். ஊழியர் கிராமத்தின் ஊழியராக, சர்க்கார் சம்பளத்தில், சங்கத்தில் சேர உரிமையோடு இருந்திருந்தால் வாஷிங்டனில் பேனா எடுத்ததற்கு மலைக்குடிசையில் மாத்திரை நின்றிருக்காது.

சில தோழர்கள் நம்மிடம் கேட்கக்கூடும்: சர்க்கார் ஊசியோடு வீட்டுக்குள் வருவதை நாம் ஆதரிப்பதா? இன்று நோயைக் கேட்பான், நாளை வேறெதையாவது கேட்பானே? சந்தேகம் நியாயமானது. சுரங்க முதலாளி கேட்டதும் அதே ஒரு துளி இரத்தம்தான். ஆனால் அவன் கேட்டது ஆளை விலக்க. குடிசைக்கு மாத்திரைப் பையோடு வந்த பெண் கேட்டது ஆளை நிறுத்திக்கொள்ள. வீட்டுக்கு வந்து சோதிப்பதை நாம் ஆதரிக்கிறோம். வேண்டாம் என்று சொல்கிற உரிமை முழுசாக இருக்க வேண்டும். பெயரெழுதிய நோட்டு முதலாளி கைக்கோ போலீஸ் கைக்கோ போகக் கூடாது. பையில் மருந்து இருக்க வேண்டும். பையைத் தூக்குகிறவருக்குச் சம்பளம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாசலில் நின்று கேள்வி கேட்பதே சரி.

நம் நாட்டில் இதை அப்படியே நகலெடுக்கச் சொல்கிறோமா? இல்லை. இந்தியாவில் முதன்முதல் இக்கிருமி 1986-ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று நாடெங்கும் சுமார் 25 லட்சம் பேருக்கு இருக்கிறது. எண்ணிக்கை பெரிது, விகிதம் சிறிது. வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவில் இருக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஊசியோடு நிற்பதில் பொருளில்லை. அதுவும் தெருவுக்குத் தெரு ஜாதி குறித்து வைத்திருக்கிற நம் கிராமத்தில், முதலில் சேரிக்குத்தான் சோதனை என்று எவனாவது தொடங்கினால் அந்த முத்திரை நூறு வருஷம் அழியாது. ஆனால் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கேட்கிறவர்களுக்கு அந்தப் பையிலேயே ஈறில் துடைக்கும் சோதனைக் குச்சியும் ஏன் இருக்கக் கூடாது? ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாதாமாதம் கூலி இழந்து போகிறவர், தாமாக விரும்பினால், அவருடைய கூட்டு மருந்தும் ஏன் அப்படி வரக் கூடாது? தன்னார்வலர் என்ற பெயரில் அந்தப் பையைத் தூக்குகிற பெண்களை முழுச் சம்பள ஊழியராக்கினால், ரகசியம் காக்கும் பொறுப்பையும் அவர்களிடம் முறையாக ஒப்படைக்கலாம்.

அதற்கிடையில் இப்போதே கையிலிருப்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜில்லா, தாலுகா ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்று எழுதியிருக்கிற அறையில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், ரகசியம். மருந்தும் 2004 முதல் இலவசம். 1097 என்ற எண்ணுக்குச் செலவில்லாமல் பேசிக் கேட்கலாம். 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிற 2017-ம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டப்படி, வேலை கொடுப்பதற்கு நிபந்தனையாக இந்தச் சோதனையைக் கேட்கக் கூடாது. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும்.

உங்கள் மில்லில் அப்படி ஓர் அதிகாரி இருக்கிறாரா, அவர் பெயர் என்ன என்று அடுத்த முறை மானேஜரைப் பார்க்கும்போது சங்கத் தோழர்கள் கேட்டு வரவேண்டும். "மருத்துவ முகாம்" என்று சொல்லி கேட்டுக்குள் இரத்தம் எடுத்தால், எந்தெந்தச் சோதனைக்கு எடுக்கிறீர்கள், முடிவு யாரிடம் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். விடுதியில் தங்கி வேலை செய்கிற இளம் பெண்களிடமும் வெளிமாநிலத் தோழர்களிடமும் இதைச் சொல்லுங்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது அவர்களில் பலருக்குப் படித்துச் சொல்லப்படுவதில்லை. எழுத்தில் பதில் வராவிட்டால், காகிதத்தின் நகலோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள்.